மானம் ஊருக்கு, வெட்கம் சேரிக்கா?

எங்க அப்பாகிட்ட ஒரு சைக்கிள் இருந்தது. செங்கல் சூளையில் ரெண்டு வருசம் பாடுபட்டுச் சேர்த்த காசில் வாங்கின பழைய சைக்கிள். காலனியிலிருந்து கடைவீதிக்குப் போகணும்னா குடித்தெருவைத் தாண்டித்தான் போகணும். அந்தத் தெரு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வேப்பமரம். மரத்துக்கிட்ட வந்ததும் அப்பா இறங்கிடுவார். செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கிற நானும் இறங்கி நடக்கணும். தெரு முடிந்ததும் செருப்பு காலுக்கு வரும், நாங்கள் சைக்கிளுக்கு வருவோம்.

"ஏம்ப்பா எறங்கறோம்?" என்று ஒருநாள் கேட்டேன். "ரோடு சரியில்லடா, செயின் கழண்டுக்கும்" என்றார். எங்க ஊரில் அந்தத் தெருவுக்கு மட்டும்தான் தார் ரோடு.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தச் செயின் விஷயம் முழுசாகப் புரிந்தது. புரிந்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, வெட்கம். விடுதியில் கூடப் படித்தவர்களிடம் அப்பாவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். இறக்கிவிட்டவன் மேல் வரவேண்டிய கோபம், இறங்கினவர் மேல் வெட்கமாக ஏன் வந்தது? இந்தக் கேள்வி ரொம்ப நாளாகக் கூடவே வருகிறது. நம் எழுத்துக்களைத் திரும்ப எடுத்து வாசித்தபோது கொஞ்சம் பிடிபட்ட மாதிரி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1

வெட்கம், குற்றவுணர்வு என்று பண்பாடுகளைப் பிரித்துக் கட்டுகிற ஒரு கணக்கு மானிடவியலில் உண்டு. ரூத் பெனடிக்ட் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1946-இல் ஜப்பானைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசுக்காகச் செய்த ஆய்விலிருந்து பிறந்த புத்தகம். ஜப்பானுக்கு அவர் போனதே இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற வெட்கத்துக்கு ஜப்பானியர் கட்டுப்படுகிறார்கள், யாரும் பார்க்காவிட்டாலும் உள்ளே குத்துகிற குற்றவுணர்வுக்கு மேற்கத்தியர் கட்டுப்படுகிறார்கள் என்பது அவர் பிரிப்பு. 1951-இல் டாட்ஸ் இதைப் பழைய கிரேக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தார். பைபிள் மொழிபெயர்ப்பில் இயங்கிய யூஜின் நைடா 1954-இல் இவற்றோடு பயத்தையும் சேர்த்துப் பேசினார். பிறகு வந்தவர்கள் இதை ஒரு உலகப்படமாகவே ஆக்கிவிட்டார்கள்: மேற்கு குற்றவுணர்வின் உலகம், கிழக்கு மானத்தின் உலகம், பழங்குடிகள் பயத்தின் உலகம்.

இந்தப் படத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒரு பண்பாட்டுக்கு ஒரு மனசு என்று அது எடுத்துக்கொள்கிறது. எங்க ஊர் வேப்பமரத்தடிக்கு இந்த அறிஞர்களைக் கூட்டி வந்து நிறுத்தினால் என்ன எழுதுவார்கள்? திண்ணையில் உட்கார்ந்திருப்பவனிடம் மானம் இருக்கிறது. சைக்கிளைத் தள்ளுகிறவரிடம் பயம் இருக்கிறது. பின்னால் நடக்கிற பையன் வெட்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறான். நாலு உணர்ச்சியில் மூன்றுக்கு ஆள் இருக்கிறது. குற்றவுணர்வுக்கு மட்டும் அந்தத் தெருவில் ஆள் இல்லை. நிலத்தைப் பங்கு போட்ட மாதிரியே உணர்ச்சியையும் பங்கு போட்டிருக்கிறார்கள். நஞ்சையெல்லாம் அங்கே, கல்லாங்குத்தெல்லாம் இங்கே.

2

மானம் என்றதும் தமிழாசிரியர்கள் திருக்குறளுக்குப் போவார்கள். நாமும் போவோம். மானம் என்கிற 97-ஆம் அதிகாரம் எதற்குப் பிறகு வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? குடிமைக்குப் பிறகு. நல்ல குடியில் பிறந்தவனின் இலக்கணத்தைச் சொல்லி முடித்த கையோடு மானம் பேசப்படுகிறது. குடிப்பெருமை குன்றாமல் பார்த்துக்கொள்வதே அங்கே மானத்தின் முதல் வேலை. பிறப்பால் எல்லாரும் ஒன்று என்கிற கருத்தும் அடுத்த அதிகாரத்திலேயே இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நாணயமில்லை. ஆனால் ஊர் எதை எடுத்துக்கொண்டது, எதை மேடைக்கு மட்டும் வைத்துக்கொண்டது என்பதைத்தான் நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

புறநானூற்றில் 74-ஆம் பாட்டு சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக இருக்கிறது. சோழன் சிறையில் கிடந்தவன் தண்ணீர் கேட்டான். காவலர்கள் தாமதமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் உயிரை விட்டான் என்கிறது பாட்டின் குறிப்பு. பள்ளிக்கூடத்தில் இதை நடத்தின ஐயா கண் கலங்கிவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. மதியம் தண்ணீர் குடிக்க நான் பள்ளிக்கூடப் பானைக்கிட்டப் போனபோது அதே ஐயாதான், "நீ நில்லு, அவன் மொண்டு ஊத்துவான்" என்றார். சேரனுக்குத் தண்ணீர் லேட்டாக வந்ததற்குக் கண்ணீர் விட்டவருக்கு, அஞ்சடி தூரத்தில் கையை ஏந்தி நின்ற பையனைத் தெரியவில்லை. அவர் பொய்யாக அழவில்லை. அரசனுக்கு மானம் உண்டு, அதனால் அவன் தாகம் காவியம் ஆகிறது. பறப்பையனுக்கு அப்படி ஒன்று இருக்கமுடியும் என்பதே அவருக்குத் தெரியாது, அதனால் என் தாகம் வெறும் தாகம். 1927-இல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரைக் கையில் எடுத்தது இந்த இலக்கணத்தைத்தான் உடைத்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. 2025 ஜனவரியில் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது அந்தச் சேரியைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே. அதை அந்த மக்களும் தலித் இயக்கங்களும் ஏற்கவில்லை. வழக்கு என்னவாகும் என்பது இருக்கட்டும். மலம் கலந்த தண்ணீரைக் குடித்தவர்கள், தாங்கள் கலக்கவில்லை என்று நிரூபிக்கவேண்டிய இடத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

மானத்துக்கு இன்னொரு தேவை உண்டு: பார்க்கிற கண்கள். 2003-இல் எங்க விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணையும் தலித் இளைஞரையும் ஊர் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பெண்ணின் அப்பாவும் அண்ணனும் அதில் இருந்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பு வர 2021 ஆனது; உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய 2025 ஆனது. ராத்திரியில் ரகசியமாகச் செய்யாமல் ஊரைக் கூட்டி ஏன் செய்தார்கள்? ஊர் பார்த்தால்தானே போன மானம் திரும்ப வரும்! இதைப் பத்திரிகைகள் 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்தன. கொன்றவனுக்குக் கௌரவம் இருந்ததாக அந்தச் சொல்லே சாட்சி சொல்லிவிடுகிறது. 'ஆணவக் கொலை' என்று மாற்றி எழுதினது நம் ஆட்கள் மொழிக்குச் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

3

வெட்கம் எங்கிருந்து வருகிறது? பாமாவின் 'கருக்கு' (1992) இதற்கு ஒரு காட்சியை வைத்திருக்கிறது. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டின கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்க்கிற சின்னப் பிள்ளைக்கு அது வேடிக்கை. சிரிக்கிறாள். வீட்டில் வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, நாம் தொட்டால் தீட்டு என்று நினைக்கிறார்கள், அதனால்தான் அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறார். சிரிப்பு அங்கே நிற்கிறது.

இந்தக் காட்சியை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். தீண்டாமையின் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அந்தச் சிரிப்பில் நிற்கச் சொல்கிறேன். வெட்கம் நம் பிள்ளைகளுக்குப் பிறவியில் இல்லை என்பதற்கு அந்தச் சிரிப்பு அத்தாட்சி. யாராவது விளக்குகிற வரைக்கும் அது ஒரு பெரிய மனுசன் செய்கிற கோணங்கித்தனம்தான். விளக்கம் கிடைத்ததும் இரண்டு வழி திறக்கிறது. பாமாவுக்கு ஆத்திரம் வருகிறது: அந்தப் பெரியவர் ஏன் சுமக்கணும், அவனுக்கு ஏன் அந்த மரியாதை? எனக்கு வெட்கம் வந்தது. ஏன் இந்த வித்தியாசம்? அவருக்கு அண்ணன் உண்மையைச் சொன்னார். எனக்கு அப்பா செயின் கழண்டுக்கும் என்றார். மறைத்தது அன்பினால்தான். மகன் கண்ணில் தான் சின்னவனாகிவிடக் கூடாது என்கிற அன்பு. ஆனால் வீட்டுக்குள் மறைக்கிற அவமானம் பிள்ளைகளின் வயிற்றில் வெட்கமாகத்தான் வளருகிறது. குறளில் நாணுடைமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே நாணம் என்பது ஒருவன் செய்த செயலுக்காக. சாதி இதைத் திருப்பிப்போட்டது. செய்தவனுக்கு நாணம் இல்லை, செய்யப்பட்டவனுக்கு வெட்கம்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதையும் வெட்கமே முடிவு செய்கிறது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலில் தங்கம் என்கிற விதவை அடிபட்டு, தலைவர் காத்தமுத்துவிடம் வருகிறாள். நிலக்காரன் அவளைக் கெடுத்தவன்; அவன் பெண்டாட்டி வீட்டார் அவளையே அடித்துவிட்டார்கள். காத்தமுத்து புகாரை மாற்றி எழுதவைக்கிறார்: மேல்சாதித் தெரு வழியாக நடந்ததால் அடித்தார்கள் என்று. தெருவில் நடந்த அவமானத்தை ஸ்டேஷனில் சொல்லலாம், இயக்கம் கட்டலாம். பெண் உடம்பில் நடந்ததைச் சொன்னால் 'நமக்குத்தானே கேவலம்'. ஊர் நம்மேல் போட்ட வெட்கத்தை நாம் நம் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டோம். அந்தத் தங்கத்தைக் கடைசியில் காத்தமுத்துவே தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார் என்பதையும் சிவகாமி மறைக்கவில்லை. மறைக்காததற்காக அவர் வாங்கிய வசவுகள் நமக்குத் தெரியும்.

4

பயத்தைக் கோழைத்தனம் என்று நம் மேடைகளில் பேசுகிறோம். நான் அப்படிப் பேசமாட்டேன். அப்பாவின் பயத்துக்குக் கணக்கு இருந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று: இவ்வளவு நிலம் வைத்திருக்கிற பணக்காரர்கள், கார் வைத்திருக்கிறவர்கூட அதில் உண்டு, தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை. மானம் சாட்சியாகக் கூண்டில் ஏறிய தீர்ப்பு அது. மரியாதைப்பட்டவன் என்பதே குற்றமற்றவன் என்பதற்கு ஆதாரம். இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் வேப்பமரத்தடியில் இறங்கினால் அது கோழைத்தனமா, விவரமா?

பூமணியின் 'வெக்கை' (1982) பயத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. (பூமணி தன் எழுத்தைத் தலித் இலக்கியம் என்ற பெயருக்குள் வைக்கச் சம்மதிப்பதில்லை. அது அவர் உரிமை. வாசிப்பது நம் உரிமை.) அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிற பதினைந்து வயசுப் பையன், அவனோடு காட்டில் திரிகிற அப்பா. கதை முழுக்க இவர்கள் ஒளிகிறார்கள், சமைத்துச் சாப்பிடுகிறார்கள், பழசைப் பேசுகிறார்கள். பயம் இருக்கிறது, ஆனால் அது ஆளை முடக்கவில்லை. காலுக்கு வேகமும் காதுக்குக் கூர்மையும் தருகிறது. முக்கியமாக, அப்பன் மகனைப் பார்த்து 'என் மானத்தை வாங்கிட்டியே' என்று சொல்வதில்லை. இந்த நாவலை எடுத்துத்தான் 2019-இல் 'அசுரன்' படம் வந்தது. படத்தில் அப்பன் மகனை மீட்க ஊரார் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறான். கொட்டகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். நாவலின் நடை வேறு. அங்கே நம் ஆட்களைக் காலில் விழவைத்துக் காட்டித்தான் வாசகனை உலுக்கவேண்டும் என்கிற அவசரம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நம் அவமானம் நல்ல சினிமாச் சரக்காகிவிட்டது.

பயம் அந்தப் பக்கமும் இருக்கிறது. 2012 நவம்பரில் தருமபுரி பக்கம் நத்தம் காலனியிலும் அடுத்த இரண்டு ஊர்களிலும் வீடுகளைக் கொளுத்தினவர்கள், டிவியையும் பீரோவையும் மோட்டார் சைக்கிளையும் தேடித்தேடி நொறுக்கினார்கள். ஜீன்ஸ் போட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நம் பையன்கள் திரிவதுதான் பிரச்சினை என்று மேடையில் பேசினார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போய்ச் சம்பாதித்த காசு அந்த மோட்டார் சைக்கிள்கள். எங்க அப்பா சைக்கிளை விட்டு இறங்கினார். இந்தப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்த மாற்றம். அதற்கே அந்த நெருப்பு.

5

மிச்சம் இருப்பது குற்றவுணர்வு. இதற்கு ஊரில் ஆள் இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை? கர்மம் என்கிற ஏற்பாடு அதையும் நம் பக்கம் தள்ளிவிட்டது. நீ படுகிற பாடு போன ஜென்மத்தில் நீ செய்த பாவம். அடிக்கிறவன் கை சுத்தம், அடிபடுகிற முதுகு குற்றவாளி. சாதி இந்துக்களின் மனசாட்சியைத் தொட்டு எழுப்பப் பார்த்தவர் காந்தி. தீண்டாமையை இந்துக்கள் கழுவவேண்டிய பாவம் என்றார். 1933-34-இல் நாடு முழுக்க அதற்காகச் சுற்றினார். அதிலும் கதையின் நாயகன் பாவம் செய்தவன்தான். நாம் அவன் பரிகாரம் செய்வதற்கான இடம். காந்தியின் வழி சுயசுத்திகரிப்பு, அம்பேத்கரின் வழி சுயமரியாதை என்று கன்னட விமர்சகர் டி.ஆர். நாகராஜ் 1993-இல் வந்த தன் நூலில் எதிரெதிரே வைத்துப் பேசியிருக்கிறார். நமக்கு வேண்டியது அவர்கள் கண்ணீர் அல்ல, நம் உரிமை. இதுவரைக்கும் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டம்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது, எங்க ஊர்ப் பக்கத்து வாசகர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசினேன். "நம்ம மானத்தை வாங்கிட்டான்யா! எதிரி கையில அரிவாளைக் குடுத்துட்டான்!" கைதட்டினார்கள். பறையர் காலனிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார்ப் பெண் ஆரோக்கியத்தின் கதை அது. அவள் ராத்திரியில் வீடு வீடாக நின்று ராச்சோறு வாங்குகிறாள். அவள் மகள் மேரியைக் காலனிக்காரன் ஒருவனே கெடுக்கிறான். அது பஞ்சாயத்துக்குக்கூட வருவதில்லை. நமக்குள் இருக்கிற சாதியை இப்போது எழுதலாமா, அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி நாம் திரண்டு வருகிற நேரத்தில் இது காட்டிக்கொடுப்பது ஆகாதா என்பது என் வாதம். நான் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் எழுதினோம்.

இப்போது அந்தப் பேச்சைத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். 'மானத்தை வாங்கிட்டான்'. யாருடைய சொல் அது? திண்ணைக்காரன் சொல். குடும்ப விஷயத்தை வெளியே சொன்ன பெண்ணைப் பார்த்து அவன் சொல்வது. ஊரின் மானம் என்கிற கணக்கை எதிர்த்துக்கொண்டே, அதே கணக்கை எங்க காலனிக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்க வீட்டுக்கும் ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். என் ஆயாவைவிட மூத்தவர். ஆயா அவரை "ஏ, வாடி" என்றுதான் கூப்பிடும். இருட்டினதும் வாசலுக்கு வெளியே நின்று, "சாமி, வண்ணாத்தி வந்திருக்கன் சாமி" என்பார். ஆயா சோற்றைக் கையைத் தூக்கி, அவர் குண்டானில் படாமல் போடும். ஒருநாள் ஆயா என்னைப் போடச் சொன்னது. எனக்குப் பத்து வயசு. நானும் கையைத் தூக்கித்தான் போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. "நல்லாருங்க சின்ன சாமி" என்றார். பகலில் அந்தப் பள்ளிக்கூடத்தில் கை ஏந்தித் தண்ணீர் குடித்தவன் நான். என்னையும் உலகத்தில் ஒரு ஆள் சாமி என்று கூப்பிட்டது. பிடித்திருந்தது. மறுநாளும் நானே போடுகிறேன் என்று ஆயாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இதை நான் எங்கேயும் சொன்னதில்லை. சைக்கிள் கதையைப் பத்து மேடையில் சொல்லியிருக்கிறேன்.

சட்டமும் இந்த இடத்தில் நமக்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது. 1989-ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிறர் பார்க்கும்படியான இடத்தில் நம்மை அவமானப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. அவமானம் என்கிற உணர்ச்சியைச் சட்டப்புத்தகத்தில் ஏற்றினது பெரிய வெற்றி. நாலு சுவருக்குள், வெளியார் சாட்சி இல்லாமல் நடந்தது அதில் வராது என்று 2020-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அதை நாம் கண்டித்தோம். ஆனால் அந்த அம்மா எங்க ஆயா மேல், என் மேல், அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கமுடியாது. இரண்டு பேரும் பட்டியல் சாதி. சட்டத்தின் கணக்கில் நாங்கள் செய்தது குற்றமே இல்லை.

ஆகையால் இங்கேதான் குற்றவுணர்வுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு பரிகாரம் தேடுகிற குற்றவுணர்வு அல்ல. அதைக் 'கருக்கு' எழுதின பாமாவே தேவாலயத்துப் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நாம் செய்ததை நாமே பேர் சொல்லி எழுதுகிற நேர்மையைச் சொல்கிறேன். சிவகாமி தன் நாவலைத் தானே விசாரித்து 1997-இல் 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார். அந்த மாதிரி ஒன்று நம் விமர்சகர்களிடமிருந்து வரவில்லை. என்னிடமிருந்தும் இத்தனை வருசம் வரவில்லை. அந்த வாசகர் கூட்டத்தில் 'கோவேறு கழுதைகள்' பற்றி நான் பேசியதை இங்கே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நாவல்மேல் எனக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன: ஆரோக்கியம் ஒரு தடவைகூடக் கோபப்பட்டுக் குண்டானைத் தூக்கி எறியமாட்டாளா என்பது ஒன்று. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு முன்னால் உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் எழுதட்டும். இந்தப் பக்கங்களுக்கு வருகிற சாட்சியங்கள் எல்லாமே நமக்கு நடந்தவை. நாம் நடத்தினவையும் வரட்டும். தோழர்கள் அவரவர் வீட்டு வாசலில் ராத்திரி யார் வந்து நின்றார்கள், என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் பேர் எனக்குத் தெரியாது. ஆயாவுக்கும் தெரிந்திருக்காது. போன மாசம் ஊருக்குப் போனபோது விசாரித்தேன். குடும்பம் எங்கேயோ போய்விட்டது என்றார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.